பங்கும் பாத்தியமும்

பகலில் நொத்தாரிசு நவரத்தினராசாவின் கந்தோரில்
காணி எழுதுகிறேன்.
வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை,
கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காற் பாத்தியமும் உட்பட.
பாமினி எழுத்துருவில்.
விரலுக்கு அதுதான் பழக்கம்.

இரவில், கொக்குவில் வீட்டில்,
அக்காவின் மடிக்கணினியைப் பிரிக்கிறேன்.

ஐந்நூறு ஜிபி.
லண்டனுக்குப் போகும்போது சொன்னவள்:
"பாவிச்சுக்கொள். ஒண்டையும் அழிச்சுப்போடாதை,
என்ர பக்கம் அப்பிடியே கிடக்கட்டும்."
பக்கம் என்று அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.
முழுக்க அவள்தான்.

முதலில் நகல்.
பழைய பென் டிரைவில் அவளுடைய படங்கள்
இரண்டு மணித்தியாலம் ஏறின.
பிறகு விண்டோசைச் சுருங்கச் சொன்னேன்.
நாற்பதுக்கு மேல் தரமாட்டேன் என்றது.
நடுவில் ஏதோ அசையாத கோப்பு,
எல்லைக் கயிற்றுக்குக் குறுக்கே நிற்கிற பனை மாதிரி.
அதன் உறக்கத்தை நிறுத்தினேன்.
விறுக்கென்று எழும்புவதையும் நிறுத்தினேன்.
பனை விலகியது. இருநூறு தந்தது.

பற்றரி செத்த கணினி,
ஒற்றை வயரில்தான் உயிர்.
பிரிக்கிற நேரம் கறண்ட் போனால்
இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது.
பக்கத்து வீட்டு வாகீசனிடம் யூபிஎஸ் இரவல் கேட்டேன்.
"என்னத்துக்கு?"
"காணி பிரிக்க."
"ராவிலயோ?" என்றான், தூக்கித் தந்தான்.

எஃப் பன்னிரண்டை அடித்து அடித்து
லினக்ஸ் எழும்பியது.
கேட்டது:
அருகே நிறுவவா? முழுவதையும் அழிக்கவா?

சுட்டி இரண்டாவதின் மேல் கொஞ்சம் நின்றது.
உண்மையைச் சொன்னால், கொஞ்சத்துக்கு மேல்.
வீட்டையும் அம்மாவின் மருந்துக் கொப்பியையும்
என் மேசையில் வைத்துவிட்டுப் போனவள்
திரைப்படத்தில், பலாலி விமான நிலைய வாசலில்,
பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள் இவ்வளவு நாளும்.
கை தவறிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம்.
நம்பியிருப்பாள்.

அருகே.

நடுவில் ஐம்பதைப் பொதுவில் விட்டேன்,
இரண்டு பக்கமும் அள்ளலாம்.
பெயர் கேட்ட இடத்தில்
எழுதிப் பழகின கை 'கிணறு' என்று அடித்தது.

இப்போது திறந்தால் கறுப்புத் திரை.
இரண்டு பெயர், பத்து வினாடி.
ஒன்றையும் அமத்தாவிட்டால் என்னுடையதுதான் எழும்பும்.
அந்த ஒழுங்கை நான் எழுதினது.

தை மாதம் ஒரு சாமத்தில்
பிரிட்ஜ் ரசீது தேடி அவள் பக்கம் போனேன்.
பன்னிரண்டே கால் மணிக்கு
மணிக்கூடு ஆறே முக்கால் காட்டியது.
ஐந்தரை மணித்தியாலம் பிந்தி.
உள்ளே இருக்கிறது ஒரே மணிக்கூடு,
இரண்டு பேரும் அதை வேறு வேறாக வாசிக்கிறார்கள்,
அவ்வளவுதான் பிழை.
லண்டன் நேரம்.
அவள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்.
திருத்த ஒரு வரி போதும்.
விட்டுவிட்டேன்.

பங்குனியில் லண்டன் ஒரு மணித்தியாலம்
முன்னுக்குப் போனது.
கணினி போகவில்லை.
போனில் அவள் "இஞ்சை ஏழே முக்கால், இன்னும் வெளிச்சமடி" என்றாள்.
நான் ஆறே முக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது என்னுடைய நேரமும் இல்லை,
இவ்வளவு நாள் நினைத்தது போல
அவளுடையதும் இல்லை.

உறுதியில் திகதி பிழைத்தால்
நொத்தாரிசு தாளைக் கிழித்துத் தலையில் போடுவார்.
அன்றிரவே அந்த ஒரு வரியை எழுதினேன்.

ரசீது எந்தப் பக்கத்திலும் இல்லை.
கிணற்றிலும் இல்லை.
பிரிட்ஜ் இன்னும் சத்தம் போடுகிறது.